சேர்வராயன் மலையில் கேரவன் குடித்தனம்: அறுபதைக் கடந்த பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு இப்போது 67 வயது ஆகிறது. கடந்த மூன்று ஆண்டுகளாக, ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள், நானும் என் கணவரும் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தை ஒட்டிய முகாமில் எங்கள் கேரவனிலேயே குடியிருந்து வருகிறோம். பழைய டிராவலர் வேன் ஒன்றை மாற்றி அமைத்த வண்டி அது. இரண்டு பேர் படுக்க இடமும், ஓர் அடுப்பும், 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும், ஒரு சிறு கழிப்பறையும் அதில் உண்டு. என் வயதுத் தோழியர் பலர், "உன்னைப் போல் நாங்களும் வந்து இருக்கலாமா, முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும் என்பதே என் பதில். ஆனால் வண்டிக்குள் விருந்தாளியைப் போல உட்கார்ந்திருப்பதற்காக யாரும் வரக்கூடாது. அது நம்முடைய சமையற்கட்டாகவும் வாசலாகவும் ஆக வேண்டும் என்றால், எதை முதலில் செய்வது, எதை எந்த அளவோடு நிறுத்துவது என்பதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

முதல் இரவு சேலத்திலேயே

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். எடுத்த வண்டியை நேரே மலைக்கு ஓட்டாமல், உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, இரண்டு இரவுகள் அதற்குள் படுத்து, சமைத்து, குளித்துப் பாருங்கள். வீட்டுக்குள் போய் ஒரு கரண்டியைக்கூட எடுத்து வரக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு எழும்போது கால் எதில் இடிக்கிறது, கட்டிலிலிருந்து எழக் கை எதைப் பிடிக்கிறது, மாத்திரை டப்பா எட்டுகிறதா என்பதெல்லாம் அந்த இரண்டு இரவுகளில் தெரிந்துவிடும். நாங்கள் முதன்முதலில் வாடகைக்கு எடுத்த வண்டியின் உரிமையாளர், அதன் பேட்டரியிலேயே மின்சார அடுப்பை ஓட்டலாம் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். பால் கொதிப்பதற்குள் விளக்கும் சேர்ந்து அணைந்தது. அது வாசலிலேயே நடந்ததால் வீட்டுக்குள் போய்க் காபி போட்டுக்கொள்ள முடிந்தது.

சொந்த வண்டியை மாற்றி அமைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்து வண்டியை விருப்பம்போல மாற்றிவிட முடியாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டு, காப்பீட்டிலும் அந்த மாற்றத்தைப் பதிந்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை, புதியவர்கள் பிப்ரவரியில் வருவதையே நான் விரும்புவேன். மழை ஓய்ந்திருக்கும், குளிரும் தணியத் தொடங்கியிருக்கும். மே மாதத்தில் கோடை விழாவுக்கும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் கூட்டம் பெருகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது துணி காயாது, மண்ணில் சக்கரம் புதையும். பழகிய பிறகு, கோடையின் முதல் மழைக்கு மறுவாரம் காபிச் செடிகள் வெள்ளையாகப் பூத்து மல்லிகை போல மணக்கும் நாட்களில் வந்து பாருங்கள்.

இருபது வளைவுகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குப்பனூர் வழியாக இன்னொரு சாலையும் உண்டு. எந்தச் சாலையானாலும் காலை ஆறு மணிக்கே அடிவாரத்தைக் கடந்துவிடுவது நல்லது. மலைச்சாலையில் மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனாலும் அதை எல்லாரும் மதிப்பதில்லை என்பதால், ஓட்டுபவர் ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்பி மெதுவாகத் திரும்ப வேண்டும். நாம் முன்னோக்கிய இருக்கையில், வார்ப்பட்டை போட்டு உட்கார வேண்டும். கட்டிலில் படுத்தபடி வருவது தலைசுற்றலையும் ஆபத்தையும் ஒன்றாகக் கொண்டுவரும். வயிற்றை முழுக்கக் காயப்போடாமல் இரண்டு இட்லி சாப்பிட்டு, வாயில் உப்பு நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை அடக்கிக்கொள்வது எனக்குப் பலன் தருகிறது.

தண்ணீர்த் தொட்டியைக் காலியாகவே மேலே கொண்டு போங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்பது 100 கிலோ எடை. பாதி நிரம்பிய தொட்டியோ வளைவுக்கு வளைவு அலைந்து வண்டியை ஆட்டும். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு இடையே பழைய துண்டுகளை மடித்து வையுங்கள். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், மேலே காற்றழுத்தம் குறைந்து, அடைத்த பொட்டலங்கள் உப்பிவிடும். என் ஆவக்காய் ஜாடி முதல் பயணத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு எண்ணெயைக் கக்கி, போர்வைகளை வீணாக்கியது. அதனால் ஊறுகாய், எண்ணெய் பாட்டில்களில் மேலே இரண்டு விரல் அளவு வெற்றிடம் விட்டு, நிமிர்ந்த நிலையில் ஒரு வாளிக்குள் வைத்துக் கொண்டுவருகிறேன்.

வண்டி நிற்கும் இடமும் படிக்கட்டும்

முகாமில் இடம் காட்டியதும், முதலில் மேலே பாருங்கள். காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் அழகானவை என்றாலும் அவற்றின் கிளைகள் காற்றில் எளிதில் முறியும். பலா காய்க்கும் காலத்தில் பலாமரத்தடியும் வேண்டாம். பிறகு கீழே பாருங்கள். மழைநீர் வழிந்தோடிய தடம் இருந்தால் அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள். வாசற்கதவு கிழக்கே பார்த்தபடி வண்டி நின்றால், காலை வெயில் உள்ளே வந்து ஈரத்தை வாங்கும், கோலம் போடவும் வெளிச்சம் கிடைக்கும். ஓடைக்கரையிலோ காட்டோரத்திலோ யாரையும் கேட்காமல் நிறுத்தித் தங்குவது கூடவே கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம்.

வண்டி மட்டமாக நிற்பது வசதிக்காக மட்டுமல்ல. சரிவாக நின்றால் படுக்கையில் தலை தாழ்ந்து மூச்சு முட்டும், அடுப்பின்மேல் எண்ணெய்ச்சட்டி ஒருபக்கம் சாயும், தொட்டித் தண்ணீர் குழாய்க்கு வராது. கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாதபோது தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சமையல் மேடையில் வைத்தால், எந்தப் பக்கம் தாழ்வு என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின்கீழ்ப் பலகை கொடுத்து ஏற்றி, கைபிரேக்கைப் போட்டு, எல்லாச் சக்கரங்களுக்கும் கட்டை வைத்த பிறகே நீங்கள் இறங்க வேண்டும்.

அடுத்து வருவது படி. வண்டியின் தளம் தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேல் இருக்கும். வண்டியோடு வரும் ஒற்றை மடக்குப்படி நம் முழங்காலுக்கு ஏற்றதல்ல. வீட்டுப் படிக்கட்டின் உயரம் ஆறு அல்லது ஏழு அங்குலம்தான் என்பதை நினைவில் வைத்து, அதே உயரத்தில் மூன்று அகலப் படிகளைப் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். மேற்பரப்பில் சொரசொரப்பான ரப்பர் ஒட்டவும், கதவின் இருபுறமும் உறுதியான கைப்பிடி பொருத்தவும் சொல்லுங்கள். இந்த ஒரு செலவை மட்டும் குறைக்கவே கூடாது. ஒரு நாளில் இருபது முப்பது தடவை ஏறி இறங்குவோம். பனி நனைந்த படியில் ஒருமுறை வழுக்கினாலே குடித்தனம் முடிந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கு

குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிப் பழகிய கைக்கு இதுதான் கடினமான பாடம். எங்கள் கணக்கு இப்படி நிற்கிறது: குடிக்கவும் சமைக்கவும் 10 லிட்டர், பாத்திரத்துக்கு 10, கைகால் முகம் கழுவ 6, இருவர் குளிக்க ஆளுக்கு 10. மொத்தம் 46 லிட்டர் என்பதால், தொட்டி இரண்டு நாளுக்கு வரும். துணியை முகாமின் குழாயடியில் துவைக்கிறேன். குடிநீரை மட்டும் தனிக் குடத்தில் வைத்து, கொதிக்கவைத்து ஆற்றியே குடிக்கிறோம். தொட்டியின் உட்புறம் எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவப்பட்டது என்பதை வாடகை வண்டிக்காரர் யாரும் சொல்லமாட்டார்கள்.

பாத்திரத்தை முதலில் பழந்துணியாலோ காய்ந்த நாராலோ துடைத்துவிட்டு, ஒரு பேசினில் தேய்த்து, இன்னொரு பேசினில் அலசினால் பத்து லிட்டர் தாராளமாகப் போதும். தைத்த மந்தாரை இலையில் சாப்பிட்டால் தட்டுக் கழுவும் வேலையே இல்லை. அலசிய நீரை ஓடையில் விடக்கூடாது. ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது என்பதையும், கீழே உள்ள ஊர்கள் இந்த மலையின் ஓடைகளை நம்பியிருப்பதையும் மறந்துவிடக் கூடாது. தோட்டக்காரரிடம் கேட்டு அவர் காட்டும் குழியில் ஊற்றுங்கள். நான் தலைக்குச் சீயக்காயும் பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டையும் பயன்படுத்துவதால், எங்கள் கழுவுநீரை வாழைக்கு விடச் சொல்லித் தோட்டக்காரரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கழிப்பறையைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதால்தான் பலர் சிரமப்படுகிறார்கள். வண்டிக் கழிப்பறையின் அடியில் கழற்றி எடுக்கக்கூடிய, சுமார் 20 லிட்டர் கொள்ளும் பெட்டி ஒன்று இருக்கும். நிரம்பினால் 20 கிலோ கனக்கும் அதை நம் வயதில் தூக்கக் கூடாது. பகலில் முகாமின் கழிப்பறையையே பயன்படுத்தி, வண்டியினுள் இருப்பதை இரவுக்கு மட்டும் வைத்துக்கொண்டால், பெட்டியைக் காலையில் பாதிகூட நிரம்பாத நிலையில் எடுத்து முகாமின் கழிவுத் தொட்டியில் கொட்டிவிடலாம். அப்படி ஒரு கழிவுத் தொட்டி இல்லாத முகாமில் தங்காதீர்கள்.

அடுப்பும் மாவும் தயிரும்

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். அதனால்தான் கேரவனின் தளத்தருகே சிறு துவாரங்களை வைத்திருக்கிறார்கள். குளிர் வருகிறதே என்று அவற்றில் துணியை அடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 5 கிலோ சிலிண்டரை வெளிப்பெட்டியில் வைத்து, இரவு படுக்கும் முன்பும் வண்டி நகரும் முன்பும் அதன் வாயை மூடுவது என் பொறுப்பு. அதை வேறு யாரிடமும் விடுவதில்லை. சமைக்கும்போது கதவோ ஜன்னலோ ஒன்று திறந்திருக்க வேண்டும். குளிர்காயக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சாம்பிராணியை வாசலிலேயே போட்டு முடித்துவிடுகிறேன். விளக்கை வண்டிக்குள் ஏற்றாமல், மாலையில் படியோரத் துளசித் தொட்டியருகே கண்ணாடிக் கூண்டுக்குள் ஏற்றி வைக்கிறேன்.

கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இந்த உயரத்தில் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவில்லையே, பருப்பு பழசோ என்று முதல் வாரம் முழுக்கக் கடைக்காரரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். குறை பருப்பில் இல்லை. திறந்த பாத்திரத்தில் வேகவைக்காமல் குக்கரைப் பயன்படுத்துங்கள். அரிசியை அரைமணி நேரம், பருப்பை ஒரு மணி நேரம், கொள்ளு, தட்டைப்பயறு போன்றவற்றை இரவு முழுவதும் ஊறவையுங்கள். சேலத்தில் வைக்கும் விசிலோடு இன்னும் ஒன்றோ இரண்டோ சேருங்கள். ஒற்றை அடுப்புக்கு நம் கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதத்தைவிடப் பொருத்தமான சமையல் எனக்குத் தெரியவில்லை. ஒரே குக்கர், கொஞ்சம் தண்ணீர், மேலே நெய், பக்கத்தில் சுட்ட அப்பளம். மலையில் விளையும் மிளகைப் புதிதாக இடித்து ரசத்தில் போட்டால் காலைக் குளிருக்கு இதமாக இருக்கும். அதற்காகவே ஒரு சின்ன இரும்பு உரலைக் கொண்டு வந்திருக்கிறேன்.

இட்லி மாவு சேலத்துக் கோடையில் ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஏற்காட்டு ஜனவரியில் அதே மாவு பதினான்கு, பதினாறு மணி நேரம் ஆனாலும் அசையாமல் கிடக்கும். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு வெதுவெதுப்பு தேவை. நான் செய்வது இதுதான். உளுந்தோடு வெந்தயத்தைச் சற்றுக் கூடுதலாகச் சேர்த்து அரைத்து, கையாலேயே கரைத்து, பாத்திரத்தில் பாதியளவு மட்டும் நிரப்பி, தெர்மோகோல் பெட்டிக்குள் வைக்கிறேன். பக்கத்தில் வெந்நீர் நிரப்பிய எவர்சில்வர் சொம்பு ஒன்றையும் வைத்து மூடி, படுக்கும் முன் சொம்பின் நீரை மட்டும் மாற்றினால், காலையில் மாவு தளதளவென்று எழுந்து நிற்கும். தயிருக்கும் இதே வழிதான். கை பொறுக்கும் சூட்டில் பாலை ஹாட்பாக்ஸில் ஊற்றி, வழக்கத்தைவிட இரு மடங்கு உறைமோர் விட்டு, கம்பளியில் சுற்றி வைக்க வேண்டும். இந்த இரண்டும் கைவந்த நாளில்தான் வண்டியை என் வீடு என்று மனம் ஒப்புக்கொண்டது.

மின்சாரம்

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட சாதாரணப் பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. பேட்டரி நீடிக்க வேண்டும் என்றால் அதில் பாதியைத்தான் செலவழிக்கலாம். விளக்கு, கைப்பேசி, சிறு மின்விசிறி ஆகியவற்றுக்கு அது போதும். 750 வாட் மிக்ஸியை ஐந்து நிமிடம் ஓட்டினால் சுமார் 62 வாட்-மணிதான் ஆகும் என்பதால், தக்க இன்வெர்ட்டர் இருந்தால் சட்னி அரைக்கலாம். 2,000 வாட் அடுப்பும் வெந்நீர்க் கருவியும் முகாமின் மின் இணைப்பில் மட்டுமே ஓட வேண்டும். அந்த இணைப்பில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்வது

கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். உயர மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும் என்பதால் இந்த உயரம் அச்சத்துக்குரியதல்ல. ஆனால் குளிரில் இரத்த அழுத்தம் ஏறும். இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் வரக்கூடாது. மாத்திரைகளை இரண்டு மாதத்துக்கு வாங்கி, மருந்துச்சீட்டின் நகலைக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். இன்சுலின் போடுபவர்கள் அதைச் சிறு குளிர்பெட்டியின் உறைபனிப் பகுதியருகே வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சைக்குச் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்க வேண்டியிருக்கும். 108 எண்ணை அழைத்து இடத்தைச் சொல்லும்போது தடுமாறாமலிருக்க, தோட்டத்தின் பெயர், அருகிலுள்ள ஊர், பிரியும் சாலை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி அந்தச் சீட்டுக்குக் கீழேயே ஒட்டியிருக்கிறேன்.

குளிரில் தாகம் தெரியாது. நான் காலையில் ஒன்றரை லிட்டர் சொம்பை நிரப்பி வைத்து, மாலைக்குள் அதைக் காலிசெய்வதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுந்தவுடன் ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்திருந்து, காலுறை போட்டு, பிறகுதான் நிற்க வேண்டும்.

ஒரு நாள் எப்படிப் போகிறது

விடியும் முன் வெளியே இறங்குவதில்லை. தோட்டங்களுக்குள் காட்டெருமைகள் மேய வருவது இங்கே வழக்கம். அவற்றை நெருங்காமல், வெளிச்சம் அடிக்காமல், உள்ளேயே இருந்துவிட்டால் அவை தம் வழியில் போய்விடும். வெளிச்சம் வந்ததும் படியைத் துடைத்து, ஒரு செம்பு நீரை மட்டும் தெளித்து, அரிசி மாவில் சிறு கோலம் போடுகிறேன். பிறகு மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைக்கிறேன். இரவில் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் வியர்த்து மெத்தையின் அடியில் இறங்கும். ஒரே வாரம் கவனிக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். இரவிலும் ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வைப்பது இதற்காகத்தான்.

சமையல் பத்து மணிக்குள் முடிந்துவிட வேண்டும். அதன்பின் குரங்குகள் வரும். வாழைப்பழத்தையும் பிளாஸ்டிக் பையையும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள், இரங்கி ஒரு பழம்கூடக் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்து வரும் முகாம்வாசிகளின் ஜன்னலையும் அவை திறக்கும். பகல் வெயிலில் துணி, தலையணை, மிளகாய் எல்லாம் காயவைத்து நான்கு மணிக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இறங்கும் மூடுபனி காய்ந்ததையெல்லாம் மீண்டும் நனைத்துவிடும்.

தோட்டத்து வேலைக்கு வரும் பெண்களிடம் முதல் நாளே பேசிப் பழகுங்கள். எந்த ஓடைப்பக்கம் பாம்பு, எங்கே நல்ல சௌசௌ கிடைக்கும், எந்த நாளில் மழை வரும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள்தாம். சாமையைக் கல் நீக்கிப் புடைக்கும் விதத்தையும் அவர்களிடம்தான் கற்றேன். சனிக்கிழமைகளில் மகள் குடும்பம் வரும். "அம்மாயி, தண்ணி எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டுக்கொண்டே பேத்தி ஏறுகிறாள். தொட்டியின் அளவைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவள் வேலை. குழந்தைகள் வரும் நாளில் தண்ணீர் இரு மடங்கு செலவாகும் என்பதால் வெள்ளிக்கிழமையே தொட்டியை நிரப்பிவிடுவேன். அவர்களை வண்டிக்குள் அடைத்துப் படுக்கவைக்க முயலாதீர்கள். பக்கத்தில் ஒரு கூடாரம் போட்டுத் தாய்தகப்பனோடு படுக்கவைத்தால், எல்லாரும் தூங்கலாம்.

இறங்கும் நாள்

முந்தின மாலையே கழிவுப் பெட்டியையும் கழுவுநீர்த் தொட்டியையும் காலிசெய்து கழுவுங்கள். காலையில் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் தாழிட்டு, மின்கம்பியைச் சுற்றி எடுத்து, குப்பையைச் சேலத்துக்கே கொண்டுபோகக் கட்டி வையுங்கள். படிகளை ஏற்றிய பிறகு, ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை அழுத்தியிருக்கும்போது மட்டுமே சக்கரக் கட்டைகளை உருவ வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரிலேயே வர வேண்டும். அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். பாதி வழியில் அகலமான இடம் பார்த்து கால்மணி நேரம் நிறுத்துங்கள். நாங்கள் பிளாஸ்கில் கொண்டுவரும் சுக்குக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் சக்கரங்கள் ஆறிவிடுகின்றன.